கல்யாணத்தில் குடிக்கக் கொடுப்பது எப்படி? எல்லையோர வீடுகளுக்கு ஒரு செய்முறை

கல்யாண வேலையைப் பங்கு பிரிக்கும்போது சமையலுக்கும் பந்தலுக்கும் பெரியவர்கள் முன்வந்துவிடுவார்கள். "குடிக்கிறதை மட்டும் நீ பாத்துக்கப்பா" என்ற வேலை கடைசியில் ஓர் இளவட்டத்திடம் வந்து சேரும். அப்படி முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோடு, முதலமடைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். சுமார் 500 பேர். மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சியிலிருந்து வேனில் வருகிறார்கள். இப்படி வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். உங்கள் கூட்டத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நேரத்தைப் பாருங்கள்

என்ன கொடுப்பது என்பதை முகூர்த்த நேரம்தான் முடிவு செய்யும். காலை 6 மணி முகூர்த்தம் என்றால் வேனை விட்டு இறங்குகிறவர்களுக்குச் சூடாகக் காபி, டீ வேண்டும். அந்த நேரத்தில் ஜூஸை நீட்டினால் யாரும் தொடமாட்டார்கள். 10 மணிக்கு மேல் முகூர்த்தம் என்றால் வாசலில் குளிர்ச்சியாக ஏதாவது இருக்க வேண்டும். எந்த நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டுதான் அடுத்த கணக்கெல்லாம்.

2. தண்ணீர்

இந்த வேலையில் பாதி தண்ணீர்தான். வெயில் காலத்தில் தலைக்கு 1 லிட்டர் என்று வைத்தால் 500 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 25. மோர், சர்பத் கலக்கவும் இதே தண்ணீர் வேண்டுமென்பதால் 32 கேன் சொல்லிவையுங்கள். பிரிக்காத கேனைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கை கழுவும் தண்ணீர், சமையல் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது.

பந்தியில் நம் பக்கத்தில் பதிமுகம் என்கிற மரச் சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீரோ சீரக வெந்நீரோ ஊற்றுவது வழக்கம். ஆபத்து வருவது இங்கேதான். பரிமாறும் நேரத்தில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். யாராவது அவசரத்தில் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ நாலு குடம் ஊற்றி ஆறவைப்பார்கள். சிவப்பு நிறம் அப்படியே இருக்கும். கொதிக்கவைத்த பலன் போய்விடும். மஞ்சள் காமாலை இந்த வழியாகத்தான் சுலபமாகப் பரவுகிறது. 2024இல் மலப்புரம், எர்ணாகுளம் மாவட்டங்களில் அது பரவியபோது உயிரிழப்பும் ஏற்பட்டது. ஆசையாக அழைத்த வீட்டிலிருந்து விருந்தாளி நோயோடு போகக் கூடாது.

இதைத் தடுக்க ஒரே வழி, முதல் நாள் இரவே 100 லிட்டரைத் தளதளவென்று கொதிக்கவைத்துப் பதிமுகம் போட்டு, குழாய் வைத்த பாத்திரங்களில் மூடிவைப்பதுதான். காலையில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும், யாருக்கும் கலக்கத் தோன்றாது. பரிமாறுபவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

3. வரவேற்புக்கு இரண்டு வகை போதும்

ஆறு நிறத்தில் ஜூஸ் அடுக்குவது பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் பாதி மிஞ்சும். புளிப்பு, உப்புக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று: சம்பாரம் என்கிற இஞ்சி, மிளகாய் போட்ட மோர், நன்னாரி சர்பத். எசென்ஸும் கலர் பொடியும் கலந்த பானம் வேண்டாம். வெயிலில் நிற்கும் ரோஸ்மில்க்கும் வேண்டாம், பால் கெட்டுவிடும்.

சம்பாரம் 300 பேருக்கு, தலைக்கு 200 மில்லி என்றால் 60 லிட்டர். தயிர் 15 லிட்டர், தண்ணீர் 45 லிட்டர், இஞ்சி அரை கிலோ, பச்சை மிளகாய் கால் கிலோ, கறிவேப்பிலை, ஒரு கை நாரத்தை இலை, கல் உப்பு. இஞ்சியையும் மிளகாயையும் நசுக்கினால் போதும், அரைக்க வேண்டாம். அரைத்தால் மோர் கலங்கிக் காரம் ஏறிவிடும். நாரத்தை இலையின் நடு நரம்பை உருவிவிட்டுக் கையால் கசக்கிப் போடுங்கள். அந்த வாசனைதான் சம்பாரத்துக்கு உயிர். அரை மணி நேரம் ஊறியதும் துணியில் வடிகட்டிவிடுங்கள். அதற்கு மேல் இலை கிடந்தால் கசக்கும். தயிரை விடியற்காலையில் வாங்கி, பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கலக்கினால் புளிக்காது.

நன்னாரி சர்பத் 250 டம்ளருக்கு, தலைக்கு 30 மில்லி நன்னாரிப் பாகு வீதம் 750 மில்லி பாட்டில் 10 வேண்டும். எலுமிச்சம்பழம் தலைக்குப் பாதி, அதாவது 125. சொத்தைக்குச் சேர்த்து 140. விதை நசுங்காமல், கடைசி நேரத்தில் பிழியுங்கள். மாங்காய்க் காலத்துக் கல்யாணம் என்றால் முதலமடைப் பச்சை மாங்காயை வேகவைத்து ஒரு பானம் செய்யலாம், அதற்கு ஈடே இல்லை.

இளநீர் 500 பேருக்கு வேண்டாம். வெட்டுகிறவரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும், மட்டையை அள்ளுவது தனி வேலை. வயசானவர்களுக்கும் பொண்ணு மாப்பிள்ளைக்கும் 40 காய் போதும்.

4. காபி, டீ

விடியற்காலையில் 250 பேர் என்றால், நம் பக்கத்தில் 150 காபி, 100 டீ என்று பிரிக்கலாம். 100 மில்லி டம்ளருக்குப் பால் மொத்தம் 20 லிட்டர், காபித்தூள் ஒன்றரை கிலோ, சர்க்கரை இரண்டரை கிலோ. பாலை ஒரே தடவையில் காய்ச்சாமல் 5 லிட்டராகக் காய்ச்சச் சொல்லுங்கள். சர்க்கரை போடாத காபிக்குத் தனி பிளாஸ்க் வைத்து, பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். எத்தனையோ மாமாக்கள் கேட்கக் கூச்சப்பட்டு இனிப்புக் காபியைக் குடித்துவிடுகிறார்கள்.

5. டம்ளர், ஐஸ், ஆள்

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தும் கேரளத்தில் 2020 ஜனவரியிலிருந்தும் தடை இருக்கிறது. அதனால் எவர்சில்வர் டம்ளரே நல்லது. ஒரு பந்திக்கு 150, வாசலுக்கு 150, மாற்றுக்கு 100 என மொத்தம் 400 வாடகைக்கு எடுங்கள். கழுவ இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

வெளியில் வாங்கும் கட்டி ஐஸைப் பானத்துக்குள் போடவே போடாதீர்கள். பெரிய அண்டாவில் ஐஸை நிரப்பி, அதற்குள் சர்பத் பாத்திரத்தை இறக்கிவையுங்கள். ஐஸ் வெளியே இருந்தாலும் பானம் ஜில்லென்று ஆகிவிடும்.

வாசலில் ஊற்ற மூன்று பேர், பந்தியில் ஜக்கோடு நடக்க நான்கு பேர் போதும்.

6. "அது உண்டா?" என்று கேட்பவர்களுக்கு

மண்டபத்துக்குள் மது வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. சட்டமும் லேசானதல்ல. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. சித்தூர்த் தென்னங்கள்ளை ஆசையாக பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனால் வழக்குதான். 2023 ஏப்ரலில் சிறப்பு அனுமதியோடு மது பரிமாறலாம் என்று அறிவித்த தமிழ்நாடு அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபங்களை அதிலிருந்து நீக்கிவிட்டது. கேரளத்தில் மது குடிக்கச் சட்டப்படி 23 வயது ஆகியிருக்க வேண்டும். மாதத்தின் முதல் தேதியில் கடையும் இருக்காது. கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். வேன் டிரைவருக்கு மட்டும் யாரும் ஊற்றிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பிப் போகும் வேனில் குழந்தைகளும் இருப்பார்கள்.

7. அன்றைய தினம்

முதல் டம்ளரை நீங்களே குடித்துப் பாருங்கள். முகூர்த்தம் நடக்கும்போது வாசல் மேசையை விட்டுப் போக ஓர் ஆள் ஆசைப்படுவார். தாலி கட்டும் நேரத்தில் அவரை அனுப்பிவிட்டு நீங்கள் நில்லுங்கள், அல்லது மாறி மாறிப் பாருங்கள். நாதஸ்வரக்காரர்கள், சமையல்காரர்கள், போட்டோ எடுப்பவர்கள், டிரைவர்கள் இவர்களுக்கு யாரும் தண்ணீர் கொண்டுபோக மாட்டார்கள். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு தட்டு அங்கே போகட்டும். கடைசிப் பந்தி உட்கார்ந்ததும் கேனை எண்ணி, டம்ளரை எண்ணி, மிச்சமான சம்பாரத்தை மண்டபத் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்களும் சாப்பிடப் போங்கள்.