சோப்பு லேபிளில் எந்த எடையைப் போடுவது?
சோப்பு செய்ய ஆலிவ் எண்ணெய் 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம் எடுத்தால், 5 சதவீத எண்ணெய் சோப்பாக மாறாமல் மிச்சம் நிற்க காஸ்டிக் சோடா சுமார் 141 கிராம். கண்ணளவு ஆகாது, எல்லாம் தராசில்தான். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும்.

பலர் மாட்டிக்கொள்வது எடையில். சோப்பைக் கட்டிகளாக வெட்டிய அன்றே எடை போட்டு லேபிள் அடித்துவிடுவார்கள். 4 முதல் 6 வாரம் காய்வதற்குள் ஈரம் போய், 100 கிராம் கட்டி 90 கிராம் வரைகூட இறங்கலாம். வாங்குபவருக்கு அது எடைக்குறைவுதான். காய்ந்தபின் எடை போட்டு, இருப்பதிலேயே குறைந்த எடையை அச்சிடுங்கள்.

பேட்ச் எண் (ஒரே தடவையில் செய்த கட்டிகளுக்குக் கொடுக்கும் எண்) நோட்டிலும் உறையிலும் ஒன்றாக இருக்கட்டும். நோட்டில் பக்கத்திலேயே எண்ணெய் டப்பாவில் உள்ள லாட் எண், தேதி. ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கு வாடை அடித்தால், எந்தக் கட்டிகளைத் திரும்பப் பெறுவது என்று அப்போதுதான் தெரியும்.

"பருவைக் குணமாக்கும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பல நாடுகளில் அது மருந்துக் கணக்கில் போய்விடும்.