பெருந்தொற்றும் பிள்ளைகளும்: வீட்டில் செய்யக்கூடாத தவறுகள்

கொரோனாவில் பாட்டி இறந்தபோது, நாலு வயதுப் பேரனிடம் "ஊருக்குப் போயிருக்காங்க", "தூங்குறாங்க" என்று சமாளித்த வீடுகள் ஏராளம். உடல்கூட வீட்டுக்கு வராத காலம் அது. ஊருக்குப் போனவர் திரும்பி வருவார் என்றுதான் பிள்ளை காத்திருக்கும். "தூங்குறாங்க" என்று கேட்ட பிள்ளையோ இரவில் கண் மூடப் பயப்படும். "பாட்டி இறந்துட்டாங்க. இனிமே மூச்சு விட மாட்டாங்க, திரும்பி வர மாட்டாங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரமும் அதே கேள்வி வரும்; பதிலை மாற்றாதீர்கள். கேட்காவிட்டாலும் "இதுக்கு நீ காரணமில்லை" என்று சொல்லுங்கள். "கிட்டப் போகாதே, பாட்டிக்கு ஒட்டிக்கும்" என்று மாதக்கணக்கில் அதட்டப்பட்ட பிள்ளை, பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்ளும்.

எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரலாம். பள்ளி நாளில் காலையில் வயிற்றுவலி வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. "நடிக்கிறான்" என்று திட்டுவதுதான் இங்கே பெரிய தப்பு. பதற்றத்தால் வரும் வலியும் வலிதான். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செல்போனை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள்; ஊரடங்கில் நண்பர்களோடு பேச அது ஒன்றுதான் வழியாக இருந்தது. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள்: 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம்.

பிள்ளைகளுக்கான வழக்கமான தடுப்பூசியின் தவணை தவறினால் சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும்.

"பள்ளி திறந்தாச்சு, இனி தானா சரியாயிடும்" என்ற நினைப்புதான் அதிகம் கெடுத்தது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. அன்று மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, கடைசியாக வகுப்பறையைப் பார்த்தது ஒன்றாம் வகுப்பில். தமிழ்நாட்டின் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் (ASER) ஆய்வின்படி, 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8. இந்த நிலையில் நடப்பு வகுப்புப் புத்தகத்தைத் திணித்தால் மனப்பாடம்தான் மிஞ்சும். முதலில் ஒன்றாம் வகுப்புப் பத்தி ஒன்றை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே எழுத்துக்கூட்டித் திணறுகிறதோ, அங்கிருந்து தினமும் 20 நிமிடம்.