பாயில் உதிர்ந்த திருநீறு: காட்டோரத் தியானக் குடிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு தியானக் குடில் கட்டினேன். ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பாய் முழுக்க வெளிர்ந்த பொடி உதிர்ந்து கிடந்தது. உடன் வந்த பெரியம்மா குனிந்து தொட்டுப் பார்த்து, "யாரப்பா இங்கே திருநீறு கொட்டியது?" என்று கேட்டு, நெற்றியிலும் கொஞ்சம் இட்டுக்கொண்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். உத்தரம் நெடுகக் குண்டூசித் துளைகள். மரம் உளுத்துக்கொண்டிருந்தது.

மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த பால்மரம் மலிவாகக் கிடைத்தது. வீணாகும் மரத்தைப் பயன்படுத்துகிறோம் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். மரத்தைத் துளைத்துப் பொடியாக்கும் வண்டுக்கு அதுதான் விருந்து. கரையானுக்கும் அந்த மரம் பிடிக்கும். அறுத்த சில நாள்களுக்குள் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் அது நல்ல மேசை நாற்காலியாகும். பச்சையாக ஆணி அடித்தால் திருநீறுதான். மருந்து ஏற்றிய பலகையையும் மழைச்சாரல் படும் இடத்தில் வைக்கக் கூடாது, போரான் நீரில் கரைந்து போய்விடும். மூங்கிலுக்கும் இதே கதைதான்: மூன்று வயதாவது முற்றியிருக்க வேண்டும், மருந்து நீரில் ஊற வைத்திருக்க வேண்டும். தூணுக்குச் செங்கால் (chengal) என்ற கடின மரத்துக்கு நிகரில்லை. ஆனால் அது மெதுவாக வளரும் மரம். காட்டை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே புதிதாக வெட்டிய செங்காலை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. பழைய பலகை வீடுகளை இடிக்கும் இடங்களில் விசாரித்து, இரண்டாம் கைத் தூண்களாக வாங்கினேன்.

மரம் தவறினால் காசு போகும். இடம் தவறினால் உயிரே போகும். பள்ளத்தாக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சரிவை வெட்டிச் சமன் செய்கிறார்கள். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி மேடாக்கி, அதன் மேல் குடிலை வைக்கிறார்கள். கொட்டிய மண் கெட்டியான மண் ஆகாது. மழைநீர் ஊறினால் கனத்து வழுக்கும். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலியில் முகாம் தலத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். கூடாரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நம் குடிலுக்கு மேலேயும் ஒரு சரிவு இருக்கிறதா, அதை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சாய்ந்து நிற்கும் மரங்கள், மண்ணில் புதிய வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த இடம் வேண்டாம். ஓடைக் கரையும் வேண்டாம். பகலில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், மலையில் மழை பெய்தால் மாலைக்குள் இடுப்பளவு வந்துவிடும்.

ஆளில்லாத காடு என்று எதுவும் இல்லை. நிரந்தர வனக்காப்பகமாக இருந்தால், 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டப்படி நுழையவே அனுமதி வேண்டும். அதோடு, தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் இடங்கள் இருக்கின்றன. சொந்த நிலமே ஆனாலும் பட்டாவில் 'விவசாயம்' என்று போட்டிருந்தால், ஆணி வாங்குவதற்கு முன் நில அலுவலகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் போய்க் கேட்டுவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு பிறரைத் தங்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தரையில் சிமெண்டுத் தளம் போடுவது பலருக்கும் முதல் யோசனை. வேர்கள் மூச்சுத் திணறும், ஈரம் மேலேறும், பாய் பூசணம் பிடிக்கும். தெமியார் வீடுகளைப் பாருங்கள்: கால்கள் மேல் நிற்கும், பிளந்த மூங்கில் தரையின் இடுக்கு வழியே காற்று மேலே வரும். தரையை மூன்றடியாவது உயர்த்தினால், கீழே குனிந்து தூண்களில் கரையான் மண்கோடு ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கலாம். தூணுக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில், ஓரம் மடித்த தகரத் தட்டு ஒன்றை வையுங்கள். மறைவாக ஏற வழியில்லாமல் கரையான் வெளியே வந்து கண்ணில் படும்.

கூரையைப் பற்றி யாரும் காதால் யோசிப்பதில்லை. வெறும் தகரத்துக்கு அடியில் மாலை மழையில் உட்கார்ந்து பாருங்கள். மந்திரம் அல்ல, தன் மூச்சே கேட்காது. தகரக் கூரை போட்ட தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கே அது மறந்துவிட்டது. அத்தாப்பு எனும் பனைவகை ஓலைக் கூரை மழையை மெத்தென்று வாங்கிக்கொள்ளும், குளிர்ச்சியும் தரும், ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான் தகரத்தையே வைத்துக்கொண்டு, உள்ளே பலகைக் கூரை அடித்து இடையில் தேங்காய் நார் மெத்தை பரப்பினேன். இறவாரத்தை நான்கு பக்கமும் மூன்றடி நீட்டினேன். என் கூரையின் பரப்பு ஏறக்குறைய 27 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கே 270 லிட்டர் தண்ணீர் இறங்கும். அதைத் தூணடியில் விழவிட்டால் மண் அரிக்கும். கூரை ஓரத்தில் நீர் வடியும் பீலி வைத்துத் தொட்டிக்குத் திருப்பினேன், தொட்டி வாய்க்குக் கொசுவலை கட்டினேன். வலை இல்லையென்றால் ஏடிஸ் கொசுவுக்குத்தான் குடில்.

கண்ணாடிச் சுவர் வேண்டவே வேண்டாம்: வெப்பம், பூசணம், மோதிச் சாகும் பறவைகள். சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வையுங்கள், மேற்கை அடைத்துவிடுங்கள். சூரியத் தகட்டை மர நிழலில் மாட்டினால் ஒரு விளக்குகூட எரியாது; என்னுடையது வெட்டவெளியில், செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓரத்தில் நிற்கிறது. கழிப்பறைக் குழி ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை மட்டும் எந்தச் சுவராலும் தடுக்க முடியவில்லை. திருவிழா நாள்களில் குடிலைப் பூட்டிவிட்டு நானும் கோயிலுக்கே போய்விடுகிறேன்.