பழைய மாத்திரைக்குப் புதிய காப்புரிமை: இந்தப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயாக்ராவிலிருந்து தொடங்குவதுதான் முதல் தவறு.

காப்புரிமை முடிந்து யார் வேண்டுமானாலும் தயாரிக்கக்கூடிய ‘ஜெனரிக்’ ஆகிவிட்ட மருந்துகளுக்குப் புதிய பயன் கண்டுபிடிப்பவர்களை ஊக்குவிக்கக் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று யார் பேச ஆரம்பித்தாலும், இரண்டாவது வரியில் வயாக்ரா வந்துவிடும். நெஞ்சுவலிக்காகச் சோதித்த சில்டெனாஃபில், 1998இல் வேறு காரியத்துக்கான மருந்தாகக் கடைக்கு வந்த கதை. கதை உண்மைதான். ஆனால் அப்போது அந்த மூலக்கூறே ஃபைசரின் காப்புரிமைக்குள் இருந்தது. வேறு யாரும் அதை விற்கவில்லை. ஜெனரிக் மருந்தின் சிக்கல் அதில் துளிகூடக் கிடையாது.

தாலிடோமைடும் அப்படித்தான். 1961இல் உலகம் கைவிட்ட அந்த மருந்து, 1998இல் அமெரிக்காவில் தொழுநோயின் ஒரு தோல் சிக்கலுக்கும், 2006இல் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது. அதற்கு முன் அமெரிக்கக் கடைகளில் அது விற்பனைக்கே வந்ததில்லை. மினாக்ஸிடில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்து, தலையில் தடவும் திரவமானது. பிரோப்ரனோலால், பச்சிளம் குழந்தைகளின் ரத்தநாளக் கட்டிக்கு 2014இல் தனித் திரவ மருந்தாக வந்தது. எந்த இடத்திலும், கடையில் கிடந்த பழைய மலிவுச் சரக்கை எடுத்துப் புதிய மருந்துக்குப் பதிலாக அப்படியே கொடுக்க வழியில்லை. அதனால் முதலீட்டுக்காரருக்குக் காசு வந்தது.

ஆகவே யார் எந்தத் திருத்தத்தைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: புதிய நோய்க்கு வேண்டிய மாத்திரை, அதே வடிவில், அதே மில்லிகிராமில், ஏற்கெனவே மெடிக்கல் ஷாப் அலமாரியில் இருக்கிறதா?

இருந்தால் என்ன ஆகும்? இங்கேதான் அடுத்த தவறு வருகிறது. புதிய பயனுக்குக் காப்புரிமையே கிடைப்பதில்லை, அதைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது கிடைக்கத்தான் செய்கிறது. சிக்கல் மருந்துக்கடை கவுண்டரில்.

பிரிட்டனில் பிரிகாபலின் பட்டபாட்டைப் பாருங்கள். ஃபைசர் அதை லிரிக்கா என்ற பெயரில் விற்றது. மூலக்கூறின் பாதுகாப்பு முடிந்தபின், வலிப்புக்கும் பதற்ற நோய்க்கும் யாரும் ஜெனரிக் விற்கலாம். நரம்பு வலிக்கு மட்டும் காப்புரிமை மிச்சம் இருந்தது. போட்டி நிறுவனம் வலியை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் லேபிளில், அதாவது எந்த நோய்க்கு அனுமதி என்று சொல்லும் குறிப்பில், போட்டது. துறையில் இதை ‘ஸ்கின்னி லேபிள்’ என்பார்கள். சரி, மருந்துச் சீட்டு கடைக்கு வருகிறது: பிரிகாபலின் 75 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. வலிப்புக்கா, வலிக்கா? சீட்டில் பொதுவாக அது இருக்காது. மருந்தாளுநர் மலிவானதை எடுத்துக் கொடுப்பார். அதில் அவர் குற்றம் என்ன? கடைசியில் 2015இல் நீதிமன்றம் தலையிட்டு, நரம்பு வலி என்றால் ‘லிரிக்கா’ என்றே எழுதுங்கள் என மருத்துவர்களுக்குச் சொல்லும்படி அரசு மருத்துவ அமைப்புக்கு உத்தரவிட்டது. இத்தனைக்கும் பிறகு, 2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமையின் முக்கியமான கோரிக்கைகளே செல்லாது என்றுவிட்டது!

அமெரிக்காவில் இதன் மறுபக்கம். கார்வெடிலால் என்ற இதய மருந்தை இதே போல் குறுக்கிய லேபிளில் விற்ற டெவா என்ற ஜெனரிக் நிறுவனம் 23.5 கோடி டாலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2017இல் ஜூரி தீர்ப்பளித்தது. லேபிளில் இருந்து நீக்கினாலும் மாட்டிக்கொள்ளலாம் என்றால், ஜெனரிக் கம்பெனிக்காரர் இறங்கவே யோசிப்பார்.

எனவே காப்புரிமையின் ஆண்டுகளை நீட்டிப் பயனில்லை. எந்த நோய்க்கு எழுதப்பட்டது என்பது சீட்டிலேயே பதிவாக வேண்டும், அப்போதுதான் புதிய பயனுக்கு ஒரு விலையும் பழைய பயனுக்கு ஒரு விலையும் வைக்க முடியும் என்கிறார் சட்ட அறிஞர் பெஞ்சமின் ராயின். மின்னணுச் சீட்டு பரவிய நாடுகளில் இது நடக்கக்கூடியதே. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: நோயாளியின் பணத்தை மிச்சப்படுத்த டாக்டர் வேறு நோயை எழுதிவிட்டால்?

மூன்றாவது தவறு, தனி விற்பனை உரிமை கொடுத்தால் புதிய அறிவு தானாக வரும் என்ற நம்பிக்கை. கோல்கிசின் கவுட் மூட்டுவலிக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த மருந்து. அமெரிக்காவில் அது முறையான அனுமதி இல்லாமலேயே விற்பனையில் இருந்தது. 2009இல் ஒரு நிறுவனம் சோதனை நடத்தி, கோல்கிரிஸ் என்ற பெயரில் அனுமதி வாங்கியது. கவுட்டுக்கு மூன்று ஆண்டு, அரிதான ஒரு பரம்பரைக் காய்ச்சலுக்கு ஏழு ஆண்டு தனியுரிமையும் கிடைத்தது. அடுத்த ஆண்டே மற்றவர்களின் சரக்கை நிறுத்தச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. 9 சென்ட் மாத்திரை ஏறக்குறைய 5 டாலர் ஆனது. நோயாளிக்குப் புதிதாகக் கிடைத்தது கொஞ்சம், கட்டியது ஐம்பது மடங்கு. எந்தச் சட்டத்திருத்தமும் ‘இது உண்மையிலேயே புதிய பயனா?’ என்ற கேள்வியைக் கறாராகக் கேட்காவிட்டால் இதுதான் நடக்கும்.

‘டாக்டர் லேபிளைத் தாண்டி எழுதலாமே, பிறகு அனுமதி எதற்கு?’ என்பது இன்னொன்று. எழுதலாம்தான். ஆனால் பல நேரம் எழுதுவதில்லை. மார்பகப் புற்றுநோய் வராமல் தடுக்க அனஸ்ட்ரசோலைக் கொடுக்கலாம் என்று பிரிட்டனில் 2017லேயே பரிந்துரை வந்தது. லேபிளில் இல்லாததால் பலர் தயங்கினார்கள். காப்புரிமை போன மருந்துக்காக விண்ணப்பிக்க எந்தக் கம்பெனிக்கும் ஆர்வமில்லை. பழைய மருந்துகளுக்குப் புதிய பயன் தேடும் அரசின் மறுபயன் திட்டம் கையில் எடுத்து, ஒரு ஜெனரிக் நிறுவனம் மூலம் 2023 நவம்பரில்தான் லேபிள் மாறியது. காப்புரிமைச் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

நம் ஊர்ப் பேச்சில் வரும் குழப்பம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைப் பற்றியது. கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கைச் சொல்லி, ‘கூடுதல் குணம் காட்டினால் புதிய பயனுக்கும் இந்தியாவில் காப்புரிமை உண்டு’ என்பார்கள். அந்த வழக்கில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் காப்புரிமை மறுத்தது ஒரு புதிய படிக வடிவத்துக்கு; அந்த மறுப்பைத்தான் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கூடுதல் குணம், அதாவது நோயைத் தீர்க்கும் திறன் கூடியிருப்பது, என்ற விதிவிலக்கு அந்த மாதிரிப் புதிய வடிவங்களுக்குத்தான். தெரிந்த பொருளின் புதிய பயனுக்கு அந்தப் பிரிவில் கதவே கிடையாது.

அப்படியானால் இங்கே சோதனைக்குக் காசு யார் கொடுப்பது? டிரானெக்சாமிக் அமிலம் ஒரு விடை. 1962இல் அதைக் கண்டறிந்ததாக வெளியிட்ட ஜப்பானியரான உட்டாகோ ஒகாமோட்டோ, பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்கவே அதைத் தேடினார். உள்ளூர் மருத்துவர்களைச் சோதனைக்குச் சம்மதிக்கவைக்க அவரால் முடியவில்லை. அரைநூற்றாண்டு கழித்து, பெரும்பகுதி அரசு மற்றும் அறக்கட்டளைப் பணத்தில், 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் அது சோதிக்கப்பட்டது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முடிவு 2017 ஏப்ரலில் வெளியானது. ஒகாமோட்டோ அதற்கு முந்தைய ஆண்டு, 98 வயதில், காலமாகிவிட்டார்.