டேபிளில் உள் ஆப்ஜெக்ட்டைக் காட்ட எளிய வழி

வலைப்பக்க டேபிளுக்குத் தரவைக் கொடுப்பதற்கு முன்பே, ஆப்ஜெக்ட்டுக்குள் ஆப்ஜெக்ட்டாகப் புதைந்திருக்கும் மதிப்பை ஒரு மேப் (ஒவ்வொரு வரிசையையும் புது வடிவத்துக்கு மாற்றும் ஃபங்ஷன்) போட்டு மேல் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆர்டருக்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, அதற்குள் ஊர் என்று இருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் 'ஊர்' என்றே ஒரு தனி ப்ராப்பர்ட்டி.

பல டேபிள்கள் நெடுவரிசைக்குக் கொடுத்த பெயரை அப்படியே கீயாக (ப்ராப்பர்ட்டியின் பெயராக) எடுத்து வரிசையில் தேடும். 'வாடிக்கையாளர் புள்ளி முகவரி புள்ளி ஊர்' என்று எழுதினால் அந்த முழுப் பெயரில் எந்தக் கீயும் இல்லாததால் செல் காலியாகத்தான் நிற்கும். மேலே கொண்டுவந்துவிட்டால் அது வெறும் எழுத்துச் சரம், அதனால் வரிசைப்படுத்தல், வடிகட்டல், தேடல் எல்லாம் தனி வேலை இல்லாமல் நடக்கும் (செல்லில் என்ன காட்ட வேண்டும் என்று சொல்லும் ரெண்டர் ஃபங்ஷனை மட்டும் வைப்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த வரிசைப்படுத்தலில்தான்). அப்புறம், முகவரியே இல்லாத வரிசையும் வரும், அங்கே எரர் வராமலிருக்க ஜாவாஸ்கிரிப்டில் 2020-ல் வந்த கேள்விக்குறி-புள்ளியை (?.) மறக்காமல் போடுங்கள்.

டான்ஸ்டாக் டேபிள், ஏஜி கிரிட் போன்ற டேபிள் லைப்ரரிகள் புள்ளி வைத்த பாதையைத் தாமே புரிந்துகொள்ளும், அங்கே இது தேவையில்லை. செல்லிலேயே திருத்திச் சேமிக்கும் டேபிளுக்கும் இந்த வழி சரிவராது, சேமிக்கும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.