நிலநடுக்கத்த லைவா பிடிக்க டீப் லேர்னிங்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

முதல்லயே சொல்லிடுறேன், இது நிலநடுக்கம் எப்ப வரும்னு ஜோசியம் சொல்ற வேலை இல்ல. வந்த அதிர்வோட அலைகள ஓடிக்கிட்டிருக்கிற டேட்டால இருந்து உடனுக்குடனே பிடிக்கிறது, அவ்ளோதான்.

1. இன்ஸ்டால்: பைத்தான்ல பிப் வச்சு சீஸ்பெஞ்ச் (நிலநடுக்க அலைக்கான டீப் லேர்னிங் மாடல்கள் இருக்கிற தொகுப்பு) போடுங்க. நிலநடுக்க டேட்டாவ கையாள்ற ஆப்ஸ்பையும் மாடல ஓட்டுற பைடார்ச்சும் கூடவே வந்துடும். நாலஞ்சு ஸ்டேஷனுக்கு (அதிர்வ பதிவு பண்ற நிலையம்) ஜிபியூ எல்லாம் தேவையில்ல.

2. பழைய டேட்டால ஓட்டிப் பாருங்க: எடுத்ததும் லைவுக்குப் போகாதீங்க, எது சரி எது தப்புன்னு ஒத்துப் பாக்க அங்க விடை இருக்காது. 2019 ஜூலைல கலிஃபோர்னியா ரிட்ஜ்கிரெஸ்ட்ல 7.1 அளவுல வந்துச்சே, அதுக்கப்புறம் வந்த பின்னதிர்வுகள் ஏராளம், அதுல ஒரு மணி நேரத்த ஆப்ஸ்பை மூலமா இறக்கிக்குங்க, செங்குத்து ஒண்ணு கிடைமட்டம் ரெண்டுன்னு மூணு சேனலும் வேணும்.

3. மாடல்: ஃபேஸ்நெட் எடுங்க. ஸ்டான்ஃபோர்ட்ல உருவாகி 2019ல வெளியானது, வினாடிக்கு 100 சாம்பிள் கணக்குல 30 வினாடி அலைய வாங்கிட்டு ஒவ்வொரு புள்ளியும் பி அலையா (முதல்ல வர்ற வேகமான அலை), எஸ் அலையா (அதுக்குப் பின்னாடி வர்றது), வெறும் இரைச்சலான்னு நிகழ்தகவு சொல்லும். பயிற்சி குடுத்த மாடலே கிடைக்குது, நீங்க முதல்ல இருந்து ட்ரெயின் பண்ண வேணாம். சீஸ்பெஞ்ச்ல 'அனோடேட்' குடுத்தா நிகழ்தகவு வளைவு வரும், 'கிளாசிஃபை' குடுத்தா நேரடியா பிக் நேரங்கள், அதாவது அலை வந்து சேர்ந்ததா மாடல் குறிக்கிற நேரங்கள் வரும். வளைவ வரைஞ்சு கண்ணால பாருங்க, மாடல் எங்க தடுமாறுதுன்னு அதுலதான் தெரியும்.

4. லைவ்: இங்கதான் உண்மையான தலைவலி, மாடல் சுலபம் டேட்டா கஷ்டம். ஜெர்மனியோட ஜியோஃபோன் மாதிரி நிலநடுக்க நெட்வொர்க்குகள் சீட்லிங்க்ங்கிற லைவ் டேட்டா அனுப்புற முறை வழியா டேட்டாவ இலவசமா அனுப்புறாங்க, ஆப்ஸ்பைலயே அதுக்கு கிளையன்ட் இருக்கு, ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் உங்க ஃபங்ஷன் ஓடும். வந்தத ஒரு பஃபர்ல சேத்து கடைசி ரெண்டு நிமிஷத்த மட்டும் வச்சுக்கிட்டு, சில வினாடிக்கு ஒருதடவ மாடல ஓட்டுங்க. மாடலுக்குப் போற 30 வினாடி ஜன்னல்கள் ஒண்ணு மேல ஒண்ணு படியணும், ஏன்னா ஓரத்துல விழுற அலைய மாடல் சரியா பாக்காது. ஆனா அப்படி படியும்போது ஒரே பிக் ரெண்டு மூணு தடவ வரும், அதனால ஒரே ஸ்டேஷன்ல அரை வினாடிக்குள்ள வர்ற ஒரே வகை பிக்க ஒண்ணாக்கிடுங்க. பாக்கெட் நடுவுல விட்டுப்போனா அந்த இடைவெளிய பூஜ்யத்தால நிரப்பாதீங்க, அந்தத் திடீர் தாவலையே மாடல் அலைன்னு நினைச்சுக்கலாம். இன்னொண்ணு, ஸ்டேஷன்ல பாக்கெட் நிரம்பினதுக்கப்புறம்தான் டேட்டா கிளம்பும், அதனால சில வினாடி தாமதம் எப்பவும் இருக்கும், மாடல எவ்ளோ வேகமாக்கினாலும் அது போகாது.

5. ஒரு பிக் நிலநடுக்கம் ஆகாது: பக்கத்துல லாரி போனாலும் பிக் வரலாம். குறைஞ்சது நாலு ஸ்டேஷன்ல பொருந்துற நேரத்துல வந்தாத்தான் நம்பலாம், இத சேத்துப் பாக்க பையாக்டோன்னு ஒரு டூல் இருக்கு. கையால சோதிக்க ஒரு குறுக்குவழி: கிட்டத்துல நடந்த அதிர்வுக்கு எஸ், பி ரெண்டுக்கும் உள்ள வினாடி வித்தியாசத்த 8ஆல பெருக்குனா தூரம் ஏறக்குறைய கிலோமீட்டர்ல வரும், 5 வினாடின்னா சுமார் 40.

த்ரெஷோல்ட, அதாவது நிகழ்தகவு எவ்ளோ தாண்டினா பிக்னு எடுத்துக்கணுங்கிற வரம்ப, 0.3ல ஆரம்பிச்சு, அந்த ரிட்ஜ்கிரெஸ்ட் டேட்டாலயும் அதிர்வே இல்லாத ஒரு நாள் டேட்டாலயும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்து ஏத்தி இறக்குங்க.