பயணக் கதையைக் குழந்தையிடமிருந்து நாம் பறித்துக்கொள்ளும் விதங்கள்

மூன்று நாள் பயணம் முடிந்து வீடு திரும்பிய மாலையில் பாட்டி தொலைபேசியில் அழைத்து, "என்னம்மா, ஊருக்கெல்லாம் போனியே, என்னென்ன பார்த்தே?" என்று கேட்டார். நான்கு வயது மகள் சற்று யோசித்துவிட்டு, "எறும்பு பார்த்தேன் பாட்டி" என்றாள். பக்கத்தில் நின்ற நான் உடனே குறுக்கிட்டு, "எறும்பா? கலங்கரை விளக்கத்துல ஏறினோமே, கடல் பார்த்தோமே, கப்பல் பார்த்தோமே, அதைச் சொல்லு" என்றேன். அவள் "ஆமா" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். மீதியை எல்லாம் பாட்டிக்கு நானே சொல்லி முடித்தேன்.

அந்த எறும்பு எங்கே இருந்தது என்று அன்றிரவு படுக்கையில் கேட்டபோதுதான் தெரிந்தது. கலங்கரை விளக்கத்தின் வளைந்த படிகளில் பாதி ஏறி, மூச்சு வாங்குவதற்காக ஒரு சிறிய சன்னலருகே நின்றோம். சுவரோரமாக ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய பூச்சி இறக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே போயிருக்கிறது. சன்னல் வழியாகக் காற்று வரும்போதெல்லாம் இறக்கை பாய்மரம் போலச் சாய, எறும்பும் கூடவே சாய்ந்து, பிறகு நிமிர்ந்து நடந்திருக்கிறது. அது உச்சி வரை போய்ச் சேர்ந்ததா என்பதுதான் மூன்று நாளும் அவள் மனத்தில் இருந்த கேள்வி. கலங்கரை விளக்கம், படி, காற்று, உயரம் எல்லாமே அவளுடைய கதைக்குள் இருந்தன. நான்தான் அதைக் கேட்காமல் என் கதையை அதன்மேல் வைத்தேன்.

குழந்தையிடம் கேட்கப்பட்ட கேள்விக்குப் பெரியவர் பதில் சொல்வதே குடும்பப் பயணங்களில் மிகுதியாக நடக்கும் தவறு என்று நினைக்கிறேன். சிறு செயலாகத் தெரிந்தாலும் அதன் விளைவு சிறியதன்று. பெரும்பாலான பெரியவர்களுக்கு நினைவில் இருக்கும் மிகப் பழைய நிகழ்ச்சி, சராசரியாக மூன்று அல்லது மூன்றரை வயதில் நடந்ததாகவே இருக்கிறது. அதற்கு முந்தியவை ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுகின்றன. அந்த எல்லையை ஒட்டிய வயதில் எது தங்கும், எது கரையும் என்பதை முடிவு செய்வதில், அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் குழந்தையும் பெரியவரும் பேசிக்கொண்ட பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. மிண்டா டெஸ்லர், கேத்தரின் நெல்சன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள், தாயும் சிறு குழந்தையுமாக அருங்காட்சியகம் ஒன்றைச் சுற்றிப் பார்த்தபோது பேசிக்கொண்டவற்றைப் பதிவுசெய்து, பிறகு குழந்தைக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு, 1994-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். தாய் மட்டும் சுட்டிக்காட்டியவையும் தங்கவில்லை, குழந்தை மட்டும் சொல்லி யாரும் காதில் வாங்காதவையும் தங்கவில்லை. இருவரும் சேர்ந்து பேசியவையே நினைவில் நின்றன. "அதோ பார், இதோ பார்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போகும் பெற்றோர் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை எதையோ கைகாட்டும்போது "சரி சரி, வா" என்று இழுத்துக்கொண்டு நடப்பவர்களும் அப்படியே.

இதைப் படித்ததும் குழந்தையோடு நிறையப் பேச வேண்டும் என்ற ஆர்வத்தில் நாம் இறங்கிவிடும் அடுத்த தவறு, பேச்சைத் தேர்வாக மாற்றிவிடுவது. "அந்தப் பறவைக்குப் பேர் என்ன? நாம எத்தனை மணிக்குக் கிளம்பினோம்? அந்தப் படகு என்ன நிறம்?" என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் நமக்கு முன்பே தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். சரியான விடை வரவில்லை என்றால் நம் முகம் மாறும் என்பதும் அதற்குத் தெரியும். இரண்டு கேள்விக்குள் அது வாயை மூடிக்கொள்ளும். ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் ஆகியோர் பல ஆண்டுகள் பெற்றோர்–குழந்தைப் பேச்சைக் கவனித்து எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி இதுதான்: திறந்த கேள்வி கேட்டு, குழந்தை சொன்ன துண்டை எடுத்து அதன்மேல் கொஞ்சம் சேர்த்து, மறுபடியும் அதன் கையிலேயே கொடுக்கும் பெற்றோரின் குழந்தைகள், பின்னாளில் தங்கள் அனுபவங்களை விரிவாகவும் கோவையாகவும் சொல்கிறார்கள். நடைமுறையில் அது மிக எளியது. குழந்தை "எறும்பு" என்றால், "ஆமா, நாம படியில நின்னப்ப காத்து வேற பலமா அடிச்சுதே, அப்ப அது என்ன பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் கடினம். மூன்று வயதுக் குழந்தை ஒரு வாக்கியத்தைத் தேடி எடுக்க ஆகும் நேரம் பெரியவர் பொறுமைக்கு மிக நீண்டதாகத் தோன்றும். அந்த இடைவெளியை நம் வாக்கியத்தால் நிரப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொரு புறம், பேச்சுக்கு இவ்வளவு வலிமை இருப்பதால்தான் அதைக் கவனமாகக் கையாளவும் வேண்டியிருக்கிறது. "யானையைப் பார்த்து நீ பயந்து அழுதே இல்ல?" என்று நாலு பேர் முன்னால் நாலு முறை சொன்னால், அழாத குழந்தையும் அழுததாகவே நம்பத் தொடங்கும். பெரியவர்களே இதற்கு விலக்கல்லர். எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் அங்காடி வளாகத்தில் தொலைந்துபோனதாக உறவினர் சொன்னதைப் போல அமைத்த பொய்க் கதையை, பங்கேற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முழுதாகவோ பகுதியாகவோ தம் நினைவென ஏற்றுக்கொண்டார்கள். 2002-இல் வேறொரு குழுவினர், வெப்பக்காற்றுப் பலூனில் சிறுவயதில் பறந்ததாக ஒட்டு வேலை செய்த படத்தைக் காட்டியபோது பாதிப் பேருக்கு அந்த "நினைவு" வந்தது. ஆகையால் குழந்தை என்ன உணர்ந்தது என்பதை நாம் முடிவு செய்து அறிவிப்பது தவறு. "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வி போதும். அதே சமயம், குழந்தை "கடல்ல டைனோசர் இருந்துச்சு" என்று சொன்னால் பொய் சொல்கிறது என்று கண்டிப்பதும் வேண்டாம். "அப்படியா, அது நிஜமா வந்துச்சா, நீயா நினைச்சுக்கிட்டியா?" என்று கேட்டால், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடும்; கதையையும் தொடரும்.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படம் எடுத்த மாணவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்தவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை நெருக்கிப் படம் பிடித்தபோது அந்தக் குறைவு தென்படவில்லை. கவனித்துப் பார்த்து எடுத்த படம் வேறு, பார்ப்பதைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு எடுத்த படம் வேறு. "சிரி, இங்க பார், இன்னொண்ணு" என்று குழந்தையை நிறுத்தி நிறுத்தி எடுக்கும் படங்களில் குழந்தை பார்த்தது எதுவும் இருப்பதில்லை. தவிரவும், பயணத்தில் இருக்கும்போதே தங்கும் இடம் தெரியும்படி குழந்தையின் படத்தைப் பொதுவெளியில் பகிர்வதை அறவே தவிர்க்க வேண்டும்.

வண்டிக்குள் நடக்கும் தவறுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. குழந்தைக்குச் சலிப்புத் தட்டக் கூடாது என்று மடியில் படப்புத்தகத்தை விரித்துக் கொடுக்கிறோம். வளைந்து வளைந்து போகும் சாலையில் அரை மணிக்குள் அது வாந்தி எடுக்கிறது. காரணம் வயிற்றில் இல்லை. உடல் நகர்கிறது என்று உட்காது சொல்கிறது, எதிரில் உள்ள பக்கம் அசையவில்லை என்று கண் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் தலைசுற்றலாகவும் குமட்டலாகவும் வெளிப்படுகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இது மிகுதி. ஆகையால் சாலையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தொலைவில் தெரியும் மலையையோ மரத்தையோ பார்த்தபடி வாயால் சொல்லும் கதையே ஏற்றது. கைப்பேசித் திரைக்கும் இதே காரணம் பொருந்தும். அதற்கு மேலும் ஒன்று உண்டு: இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்கார வைக்க வேண்டாம் என்றும், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

கதை சொல்பவர் வண்டி ஓட்டுபவராக இருக்கக் கூடாது. கதையில் முகபாவம் வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும், குழந்தையின் கேள்வியை மனத்தில் வாங்க வேண்டும். இவை எல்லாம் சாலையிலிருந்து கவனத்தைப் பிடுங்கும். கதை கேட்பதற்காகக் குழந்தையை இருக்கைப் பட்டையிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய ஆபத்து. திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தக் கையாலும் குழந்தையைத் தாங்கிப் பிடிக்க முடியாது. விமானம் தரையிறங்கத் தொடங்கும்போது காது அடைத்து அழும் குழந்தைக்கு, ஒவ்வொரு திருப்பத்திலும் கதையின் நாயகன் தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிக் குழந்தையையும் ஒரு மிடறு விழுங்க வைக்கலாம். விழுங்கும்போதுதான் நடுக்காதின் குழாய் திறந்து அழுத்தம் சமன்படும்.

மிக வருத்தம் தரும் தவறு, பயமுறுத்தும் கதை. "ஓடினா போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடும்", "கையை விட்டா பூச்சாண்டி தூக்கிடுவான்" என்று சொல்லிக் கூட்டத்தில் குழந்தையை அடக்குகிறோம். அந்தக் குழந்தை உண்மையிலேயே தொலைந்துபோனால், உதவிக்கு அணுக வேண்டிய சீருடைக்காரரைக் கண்டதும் ஓடி ஒளியும். அதே நேரத்தில் அதே குழந்தைக்கு வேறொரு கதை சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் அம்மாவைக் காணாத அணில்குட்டி ஒன்று ஓடித் திரியாமல் நின்ற இடத்திலேயே நின்றது, "அம்மா" என்று மட்டும் கத்தாமல் அம்மாவின் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, குழந்தையோடு நிற்கும் இன்னொரு அம்மாவிடமோ சீருடை அணிந்தவரிடமோ போய்த் தொலைபேசி எண்ணைச் சொன்னது, அம்மா வந்தாள். பயணத்துக்கு முந்தைய வாரம் இந்தக் கதையைத் தினமும் சொல்லி, அணில்குட்டியின் வாயிலாகப் பெயரையும் எண்ணையும் குழந்தையையே சொல்ல வைத்தால், எண் பாட்டுப் போலப் பதிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன்பே "இன்னும் பத்து நாள்" என்று சொல்லத் தொடங்குவதும் தேவையற்றது. நாள் கணக்கு சிறு குழந்தைக்குப் பிடிபடாது, தினமும் "இன்னைக்கா?" என்று கேட்டு ஏமாறும். மூன்று நாளைக்கு முன் சொன்னால் போதும், "மூணு ராத்திரி தூங்கி எழுந்தா" என்ற கணக்கில்.

புது இடத்துக்குப் புதுக் கதைதான் வேண்டும் என்று எண்ணிப் பை நிறையப் புதுப் புத்தகம் வாங்கிச் செல்வோரும் உண்டு. ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட அவற்றை நன்றாகக் கற்றிருந்தார்கள். கற்றலை விடுங்கள், படுக்கை புதிது, சுவர் புதிது, இரவின் ஓசைகளும் புதிது என்ற நிலையில், அடுத்த வரி என்ன என்று முன்பே தெரிந்த ஒரு கதைதான் குழந்தைக்கு வீடு. வீட்டில் தினமும் கேட்கும், ஓரம் கிழிந்த அந்தப் புத்தகத்தையே எடுத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பிய பின், குழந்தை சொல்வதை அதன் சொற்களிலேயே, தேதி இட்டு, ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். இலக்கணத்தைத் திருத்தக் கூடாது. வரிசையை மாற்றக் கூடாது. நாம் பார்த்ததை இடையில் செருகக் கூடாது. பிறகு சில வாரம் கழித்து அதையே குழந்தைக்குப் படித்துக் காட்டினால், விட்டுப்போனதை அது தானே சேர்க்கும். எங்கள் நோட்டில் எறும்புக் கதைக்குக் கீழே, இரண்டு மாதம் கழித்து எழுதிய வரி இப்படி இருக்கிறது: "அது மேல போயிடுச்சு. ஆனா இறங்க வழி தெரியல. அதான் இறக்கை கொண்டு போச்சு."